ஏரி மீனுக்குப் பரிசல்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பருவமழையில் நிரம்பும் ஏரிகளில் மீன்பாசி குத்தகை எடுத்து, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு வளர்க்கும் சிறு விவசாயிகளுக்கு வலைக்கு அடுத்தபடியாகச் செலவு வைப்பது பரிசல். பார்வைக்கு எல்லாப் பரிசலும் ஒன்றுபோலவே வட்டமாக இருக்கும். ஆகவே விலை குறைந்ததைப் பார்த்து வாங்கிவிடுவதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் வாங்கிய பணம் நிலைப்பதும், அதில் ஏறியவர் கரை திரும்புவதும் பரிசலின் அகலம், அடிப்பாகம், மிதக்கும் திறன் ஆகிய மூன்றையும் பொறுத்தவை. இம்மூன்றையும் பணம் கொடுக்கும் முன்பே சோதித்துப் பார்க்க முடியும்.

பரிசல் தேவைதானா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பண்ணைக் குட்டையில் மீன் வளர்ப்பவருக்குப் பரிசல் தேவையில்லை. கரையில் நின்றே தீவனம் போடலாம். மீன் பிடிக்கும் போது நீரை இறைத்துக் குறைத்துக்கொண்டு, இரு கரையிலும் ஆள் நின்று வலையை இழுக்கலாம்.

கோடையில் நீர் வற்றும் சிற்றேரிகளில், மார்கழி முதல் மாசி வரை செவுள் வலை கட்டுவதற்கும், கடைசியில் இழுவலையைச் சுற்றி வளைத்து இறக்குவதற்கும் பரிசல் வேண்டும். ஆனால் ஆண்டில் சில மாதங்களே வேலை இருக்கும். இங்கே நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பரிசல் வாங்குவதும், வாடகைக்கு எடுப்பதும் நல்லது. சேர்ந்து வாங்கினால், பழுது பார்க்கும் செலவை யார், எந்த விகிதத்தில் ஏற்பது என்பதை வாங்கும் அன்றே எழுதிக்கொள்ள வேண்டும்.

மேட்டூர், பவானிசாகர், சாத்தனூர், வைகை போன்ற பெரிய அணைகளின் நிலை வேறு. மேட்டூர் அணை 1934-லும், பவானிசாகர் 1955-லும், சாத்தனூர் 1958-லும், வைகை 1959-லும் கட்டி முடிக்கப்பட்டன. மேட்டூர் நீர்த்தேக்கம் நிரம்பினால் சுமார் 150 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு நீர் நிற்கும். இத்தகைய நீரில் காற்று எழுந்தால் அலை எழும். மீன்பிடிக்க உரிமமும் தேவை. ஆகவே அணைக்கு வாங்கும் பரிசலைச் சிற்றேரிப் பரிசலின் கணக்கில் எடை போடக் கூடாது.

அகலத்தின் அவசியம்

பரிசலின் விலை அகலத்தோடு ஏறுகிறது. அதனால் அரை மீட்டர் குறைத்து வாங்கினால் பணம் மிச்சம் என்று தோன்றும். இங்கேதான் பெரிய தவறு நேருகிறது.

பரிசல் எவ்வளவு எடையைத் தாங்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. அடிப்பாகத்தின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, மீண்டும் 8-ஆல் பெருக்க வேண்டும். வருகிற எண், பரிசல் 1 சென்டிமீட்டர் அமிழ்வதற்கு ஏற்றக்கூடிய கிலோ எடை ஆகும். 2 மீட்டர் பரிசலுக்கு இது 32 கிலோ. ஒன்றரை மீட்டர் பரிசலுக்கு 18 கிலோ மட்டுமே.

உதாரணமாக, பரிசலின் எடை 50 கிலோ, இரண்டு ஆட்கள் 130 கிலோ, நனைந்த வலையும் கயிறும் 30 கிலோ, மீன் 60 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 270 கிலோ. இதற்கு 2 மீட்டர் பரிசல் எட்டரை சென்டிமீட்டர் அமிழும். ஒன்றரை மீட்டர் பரிசல் 15 சென்டிமீட்டர் அமிழும். உயரம் 45 சென்டிமீட்டராக இருந்தால் இரண்டிலுமே நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது 30 சென்டிமீட்டர் விளிம்பு நிற்கிறது. 'இது போதாதா?' என்று கேட்கலாம். அசையாமல் நடுவில் உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் வலை இழுக்கும் போது எவரும் நடுவில் உட்கார்ந்திருப்பதில்லை.

ஒரே சுமையோடு பரிசல் சாயும் போது அதை நிமிர்த்தும் வலு, விட்டத்தைப் போல இன்னும் வேகமாகக் குறைகிறது. விட்டம் 2 மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு இறங்கினால், அகலத்தால் கிடைக்கும் அந்த வலு மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதாவது அகலத்தில் கால் பங்கு குறைத்தவர், பாதுகாப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழக்கிறார். இரண்டு பேர் ஒரே பக்கம் எழுந்து நின்று வலையை இழுத்தால், அகலப் பரிசல் சாய்ந்து நிற்கும். குறுகிய பரிசல் கவிழ்ந்துவிடும். ஆகவே ஒருவர் மட்டும் சென்று வீச்சு வலை, சிறு வலை கட்டுபவருக்கு ஒன்றரை மீட்டர் போதலாம். இருவர் போவதாக இருந்தால் அடிப்பாகம் 2 மீட்டருக்குக் குறையாமல் இருப்பதே தக்கது.

மூங்கில் பரிசல் வாங்கும் போது

மூங்கிலைப் பிளந்து பிளாச்சுகளாகச் சீவி, கூடைபோலப் பின்னிச் செய்வதே நம் ஆறுகளின் பழைய பரிசல். முற்காலத்தில் அடியில் மாட்டுத்தோலைப் போர்த்தினார்கள். பின்னர் பிளாஸ்டிக் சாக்குகளைப் போர்த்தித் தார் பூசும் முறை வந்தது. நீருக்கடியில் உள்ள கல்லிலும் கட்டையிலும் மோதினால் இது வளைந்து கொடுக்கும். கிழிந்தால் கரையிலேயே தைத்துத் தார் பூசிக்கொள்ளலாம். ஒரே ஆள் தலையில் தூக்கிச் செல்லும் அளவில் செய்யலாம். இவை இதன் நன்மைகள்.

மூங்கில் முற்றியதாக இருக்க வேண்டும். இளமூங்கிலில் மாவுச்சத்து மிகுதி. வண்டு எளிதில் துளைக்கும். வெட்டிய மூங்கிலைச் சில வாரம் நீரில் ஊறப் போட்டுப் பிறகு சீவினால் அந்தச் சத்து கரைந்து, வண்டு சேதம் குறையும். செய்பவரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பரிசலைக் கவிழ்த்து வைத்து, உட்புறப் பிளாச்சுகளைக் கையால் தட்டிப் பார்க்க வேண்டும். ஊசித் துளைகளும், வெள்ளை மாவு உதிர்வதும் தெரிந்தால் அது உளுத்த பரிசல். மேலே புதுத் தார் பூசியிருந்தாலும் வாங்கக் கூடாது. விளிம்புக் கட்டைச் சுற்றிலும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். துடுப்புப் போடும் போது வலு விழுவது விளிம்பின் மேல்தான். முதலில் தளர்வதும் அதுவே.

ஃபைபர் பரிசல் வாங்கும் போது

கண்ணாடி இழைப் பாய்களை ரெசினில் நனைத்து அச்சில் அடுக்கடுக்காகப் படியவைத்துச் செய்வது ஃபைபர் பரிசல். இது மக்குவதில்லை, உளுப்பதில்லை. ஆண்டுதோறும் தார் பூசும் வேலையும் இல்லை. ஆனால் இதன் தரம் வெளியே தெரியும் பளபளப்பில் இல்லை. அடுக்குகள் குறைந்தாலும் மேல்பூச்சு ஒன்றுபோலவே மின்னும்.

எனவே பின்வரும் சோதனைகளைச் செய்ய வேண்டும்.

1. பரிசலைத் தராசில் நிறுத்த வேண்டும். செய்பவர் சொன்ன எடையைவிடக் குறைந்தால் அடுக்கில் குறை வைத்திருக்கிறார் என்று பொருள்.

2. நாணயத்தால் அடிப்பாகம் முழுவதும் தட்டிக்கொண்டே வர வேண்டும். கெட்டியான இடத்தில் 'டிங்' என்று தெளிவாக ஒலிக்கும். பொக்கென்று ஒலித்தால் உள்ளே அடுக்கு ஒட்டாமல் காற்று நிற்கிறது.

3. உட்புறத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். வெள்ளை இழைகள் உலர்ந்து துருத்திக்கொண்டிருந்தால் அங்கே ரெசின் போதவில்லை. அந்த வழியாக நீர் ஊறும்.

4. மூக்கைத் துளைக்கும் ரெசின் வாடை வீசினாலோ, நகம் பதியும்படி இளகியிருந்தாலோ இன்னும் இறுகவில்லை. சில நாள் பொறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

5. வெயிலில் சாய்த்து வைத்து உள்ளிருந்து பார்த்தால், மெல்லிய இடங்கள் வெளிச்சமாகத் தெரியும். அடர்ந்த நிறம் பூசியதில் இது தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலான எச்சரிக்கை ஒன்று உண்டு. மூங்கில் நீரைவிட இலேசானது. மூங்கில் பரிசலில் நீர் நிரம்பினாலும் அது பெரும்பாலும் மிதந்துகொண்டிருக்கும். பிடித்துக்கொண்டு உயிர் தப்பலாம். ஆனால் ஃபைபர் நீரைவிடக் கனமானது. காற்றறையோ மிதவைப் பஞ்சோ வைக்காத ஃபைபர் பரிசலில் நீர் நிரம்பினால் அடியில் போய்விடும். 60 கிலோ ஃபைபர் பரிசல் மூழ்காமல் நிற்கவும், அதைப் பிடித்துக்கொண்டு இருவர் மிதக்கவும் குறைந்தது 40 லிட்டர் காற்று அடைபட்ட இடம் வேண்டும். காற்றறை வைத்தே செய்யச் சொல்வது நல்லது. இல்லாவிட்டால், மூடி இறுகிய 20 லிட்டர் காலி கேன்கள் நான்கை உள் விளிம்பின் கீழ் நான்கு பக்கமும் சமமாக வைத்து இறுகக் கட்டிவிட வேண்டும். செலவு அற்பம், பலன் பெரிது.

எது மலிவு?

விலையை மட்டும் ஒப்பிடாமல், ஆண்டுக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்க்க வேண்டும். கணக்குப் போடும் முறையைக் காட்ட ஓர் உதாரணம்: மூங்கில் பரிசலின் விலை ஒரு பங்கு, ஃபைபரின் விலை ஐந்து பங்கு என்று கொள்ளலாம். மூங்கில் இரண்டு ஆண்டு உழைத்து, ஆண்டுதோறும் சாக்கும் தாரும் மாற்றக் கால் பங்கு செலவானால், ஆண்டுச் செலவு முக்கால் பங்கு. ஃபைபர் எட்டு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்குச் சுமார் அரைக்கால் குறைவாக, ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்று மேல். ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் அணையில் ஃபைபரே லாபம். ஆண்டில் நான்கு மாதம் மட்டும் ஓடி, மற்ற நாளில் கூரைக்கடியில் காய்ந்திருக்கும் மூங்கில் பரிசல் இன்னும் கூடுதலாக உழைக்கும். அங்கே ஃபைபரில் பணத்தை முடக்கத் தேவையில்லை. தம் ஊர் விலையையும், அக்கம்பக்கத்துப் பரிசல்கள் உழைத்த ஆண்டுகளையும் போட்டு ஒவ்வொருவரும் இக்கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன்பணத்தில் வாங்கலாமா?

மீன் வியாபாரியிடம் முன்பணம் பெற்றுப் பரிசல் வாங்குவது பல இடங்களில் நடக்கிறது. வட்டி இல்லை என்பது கவர்ச்சியாக இருக்கும். ஆனால் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கும். சந்தை விலையைவிடக் கிலோவுக்கு 10 ரூபாய் குறைத்து 1,000 கிலோ கொடுத்தால் 10,000 ரூபாய் போய்விடுகிறது. கடன் மட்டும் அப்படியே நிற்கிறது. இதைக் காட்டிலும் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வட்டிக்கு வாங்குவது மலிவாக முடியலாம். பரிசலுக்கும் வலைக்கும் அரசு மானியம் உண்டா என்பதை மாவட்ட மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில், வாங்குவதற்கு முன்பே விசாரிக்க வேண்டும். வாங்கிய பின் ரசீதைக் கொண்டுபோய் நிற்பதில் பயனிராது.

பழைய பரிசல்

பழையதைக் கரையில் பார்த்து விலை பேசக் கூடாது. ஏற்றப் போகும் சுமைக்கு ஈடாக மணல் மூட்டைகளை நடுவில் அடுக்கி, ஒரு மணி நேரம் நீரில் விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே நீர் கசிந்தால் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்த பிறகே மேற்கொண்டு பேச வேண்டும். ஃபைபரில் கையகல ஓட்டையை அடைத்துவிடலாம். அடியும் பக்கமும் சேரும் வளைவில் சுற்றிலும் கீறல் ஓடியிருந்தால் அதை விட்டுவிடுவதே நல்லது. மூங்கில் பரிசலில் தார் தடிப்பாக ஏறியிருந்தால், பலமுறை ஒட்டுப் போட்டது என்று அறியலாம்.

இறக்கிய பின்

பரிசலோடு உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று, நீர் இறைக்க ஒரு செம்பு, பத்து மீட்டர் கயிறு, மாற்றுத் துடுப்பு ஒன்று ஆகியவற்றையும் சேர்த்தே செலவுக் கணக்கில் எழுத வேண்டும். நீந்தத் தெரிந்தவருக்கும் அங்கி அவசியம். வலை காலைச் சுற்றினால் நீச்சல் உதவாது. வலையை உட்கார்ந்தே இழுக்க வேண்டும். ஒருவர் வலைப்பக்கம் இருந்தால் மற்றவர் எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். ஆனி, ஆடியில் காற்று கிளம்பும் பிற்பகல்களிலும், இடி மின்னலின் போதும் நடுநீரில் இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்து, நிழலில் வைத்தால் மூங்கிலும் சாக்கும் ஃபைபரும் எல்லாமே கூடுதல் நாள் உழைக்கும்.

ஏரியில் மீன் ஒரு பருவம் குறைந்தாலும் அடுத்த பருவத்தில் ஈடு செய்யலாம். பரிசலின் அகலத்தில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்கு ஈடு செய்ய முடியாத நஷ்டம் வரக் கூடாது. அளந்து, நிறுத்து, தட்டி, நீரில் விட்டுப் பார்த்து, அதன் பிறகே பணத்தை எண்ணிக் கொடுப்பது விவசாயிகளுக்கு நலம்.