கொடியில் காயாத துணி

சிங்கவரத்துக்கு நான் போனது ரங்கநாதரைச் சேவிக்கவும், அப்படியே செஞ்சிக் கோட்டையைப் பற்றி நாலு பக்கம் எழுதிக்கொண்டு வரவும்தான். 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் ஏறிய கோட்டையாயிற்றே! குன்றைக் குடைந்த கோயிலில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளையும் தரிசித்தாயிற்று. போருக்குப் போக வேண்டாம் என்று தேசிங்கு ராஜனுக்கு முகத்தைத் திருப்பிக் காட்டினார் என்று கதை சொல்வார்களே, அவரேதான். ஆனால் திரும்பி வந்து குறிப்புப் புத்தகத்தைப் பிரித்தால், கோட்டைக்கு அரைப் பக்கம். மீதியெல்லாம் துணி உலர்த்தும் கொடி!

காரணம், நான் தங்கியிருந்த வீடு. கத்திரி கழிந்து பத்து நாள் ஆகியும் வெயில் இறங்கவில்லை. பகலெல்லாம் கருங்கல் குன்றுகள் உஷ்ணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். சாயங்காலம் திடீரென்று இடி இடித்து மழை கொட்டும். மழை விட்டதும் கல்லும் மண்ணும் சேர்ந்து ஆவி விடும் பாருங்கள், அதுதான் புழுக்கம்! காலை வேளையில் பாறைமேல் விரித்த துணி அப்பளமாகிவிடும். ஆனால் அந்த வீட்டு மருமகள் வேலைக்குப் போகிறவள். அவள் துவைப்பது மாலையில். ஆகவே துணியெல்லாம் அறைக்குள் கட்டிய கொடிக்குத்தான் வந்து சேரும்.

முதல் தூறல் விழுந்ததும் மாமியார் குரல் கொடுத்தார். "ஏம்மா, ஜன்னலைச் சாத்து! ஈரக் காத்து உள்ள வந்தா துணி எப்படிக் காயும்?"

ஜன்னல் சாத்தப்பட்டது. காலையில் துணி காயவில்லை; அறை மட்டும் நாறியது. பேத்தியின் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டே உலர்த்த வேண்டியதாயிற்று.

பட்டணத்துச் சகோதரிகள் சிரிக்க வேண்டாம். அடுக்குமாடி வீட்டில் நாமும் இதைத்தானே செய்கிறோம்? நான் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி என்று ஓர் அறை. 30 டிகிரி உஷ்ணத்தில் அந்த அறையின் காற்று மொத்தமும் சேர்ந்து சுமார் 850 கிராம் நீராவியைத்தான் தாங்கும். புழுக்க நாளில் அதில் ஐந்தில் நாலு பங்கு முன்பே நிரம்பியிருக்கும். மிச்சமுள்ள இடம் 170 கிராமுக்கு. அதாவது ஒரு டம்ளர் தண்ணீருக்கு. அரைக் கிலோ எடையுள்ள நூல் புடவையைக் கையால் முறுக்கிப் பிழிந்து போட்டாலும் அதில் ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் நிற்கும்! ஒரு புடவைக்கே இடமில்லாத அறையில் ஒரு வீட்டுத் துணி முழுவதையும் போட்டுக் கதவைச் சாத்தினால் என்ன ஆகும்?

பெரியம்மாள் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. "மழை பெய்யறப்ப வெளிக் காத்துல ஈரம் இருக்காதா? அதை உள்ள விடச் சொல்றியே, கண்ணு!"

நியாயமான கேள்வி. ஆனால் மழையில் குளிர்ந்த காற்று 25 டிகிரியில், முழுக்க நனைந்திருந்தாலும், கன மீட்டருக்கு 23 கிராம் ஈரம்தான் சுமந்து வரும். வெப்பமான அறைக்குள் வந்து 30 டிகிரிக்குச் சூடேறியதும் அதே காற்றால் 30 கிராம் சுமக்க முடியும். கிண்ணம் பெரிதாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். சாரல் அடிக்கும் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு மற்றதையும் எதிர்ப்புறக் கதவையும் திறந்து வைத்தால், காற்று ஈரத்தை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். விசிறியும் அப்படித்தான். அது ஈரத்தை விழுங்குவதில்லை. துணியைச் சுற்றித் தேங்கி நிற்கும் ஈரக் காற்றைத் தள்ளிவிடுகிறது. சாத்திய அறையில் அதைச் சுழலவிட்டு மின்சாரக் கட்டணம் கட்டுவானேன்?

அந்தக் காலத்து அக்கிரகார வீடுகளில் கூடத்து உத்தரத்தின் கீழே மூங்கிலைத் தொங்கவிட்டு, மடிப் புடவையைக் கோலால் தூக்கிப் போடுவார்கள். யார் கையும் படக் கூடாது என்பது ஆசாரம். ஆனால் சூடான காற்று மேலே ஏறி, திறந்த முற்றத்தின் வழியே வெளியேறும், துணியும் காயும். ஆசாரத்தை நான் சிபாரிசு செய்யவில்லை; மூங்கிலை மட்டும் செய்கிறேன். முற்றத்தைத்தான் நாம் தகரம் போட்டு மூடிவிட்டோமே!

நாற்றத்துக்கு வருவோம். ஈரத்துணியின் முடை நாற்றத்துக்கு மொராக்ஸெல்லா என்னும் நுண்கிருமி காரணம் என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் கண்டறிந்தார்கள். துவைத்த பிறகும் அது இழைகளில் தங்கியிருந்து, துணி ஈரமாகக் கிடக்கும் நேரத்தில் பெருகுகிறது. வாசனைத் திரவம் ஊற்றினால் நாற்றம் மறையும், கிருமி மறையாது. கொதிநீரில் ஊறவைத்தால் அடங்கும். நம் வண்ணார் வெள்ளாவி வைத்தார்களே, அது இந்தக் காரியத்தையும் சேர்த்தே செய்தது. கிளாஸ்கோ நகரில் மக்கின்டாஷ் கட்டடக் கலைப் பள்ளியார் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டுக் காற்றின் ஈரத்தில் 30 சதவிகிதம் வரை உள்ளே உலர்த்தும் துணியிலிருந்து வரலாம் என்கிறது. சுவரில் பூஞ்சை பூப்பது அப்படித்தான். ஆஸ்துமா உள்ள குழந்தை படுக்கும் அறையில் கொடி கட்டாதீர்கள்.

இதெல்லாம் சொல்லி முடித்த பிறகு, மருமகள் என்னைத் தனியாக அழைத்தாள். ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு அரிப்பும் படையும். கடையில் கேட்டு வாங்கிய களிம்பு தடவியும் போகவில்லையாம். பெண்ணின் உள்ளாடைகள் எங்கே உலர்கின்றன என்று கேட்டேன். பீரோவுக்குப் பின்னால் ஓர் ஆணியைக் காட்டினாள். அதிலும் மேலே ஒரு பழந்துண்டு மூடியிருந்தது. மாத விலக்குத் துணிக்கும் அதே ஆணிதான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. சென்னையில் என் தாயார் செய்ததும் இதுதான். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்யக் கிளம்பியதே, 1998-இல் தம் மனைவி மறைத்து எடுத்துப் போன பழந்துணியைக் கண்டுதான். 2016-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பீரோவுக்குப் பின்னாலிருக்கும் ஆணி மட்டும் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஈரம் போகாத துணியை உடம்போடு ஒட்டி அணிந்தால் படை தீராது. களிம்பும் கண்டதைத் தடவக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த களிம்பு முதலில் அரிப்பை அடக்கிப் பிறகு படையைப் பரப்பிவிடும். சரும வைத்தியரிடம் காட்டச் சொன்னேன்.

மாமியார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மறுநாள் சாயங்காலம் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. யாரும் ஜன்னலைச் சாத்தவில்லை. கொடியில் காற்று படும் முன்வரிசையில் பேத்தியின் துணிகள், விரல் இடைவெளி விட்டு வரிசையாகத் தொங்கின. பெரியவரின் வேட்டி பீரோ பக்கம் ஒதுங்கியிருந்தது.

"அவரு கேட்டா என்ன சொல்றது அத்தை?" என்றாள் மருமகள்.

"கேக்கட்டும். வேட்டி நாளைக்குக் காயட்டும்னு சொல்லு" என்றார் மாமியார்.