அம்மா ஏன் கீழே இறங்குவதில்லை?

"பையன் மும்பையில எங்க இருக்கான்?" என்று கேட்பார்கள். "மலபார் ஹில்" என்று பதில் சொல்லிப் பாருங்கள்... கேட்டவரின் புருவம் மேலே போய்விடும்! முதலமைச்சர் பங்களா, கவர்னர் மாளிகை, வைர வியாபாரிகள், தொழிலதிபர்கள் வீடுகள் என்று பணமும் பதவியும் குடியிருக்கிற குன்று அது. அங்கே நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துக்கு என்ன வேலை என்று தோன்றும். வேலைதான் காரணம்! பேங்க்குகளும் அரசாங்க இலாகாக்களும் தங்கள் அதிகாரிகளுக்கென்று அங்கே வீடுகள் வைத்திருக்கின்றன. அந்தப் புண்ணியத்தில் மூன்று, நான்கு வருஷம் மலைவாசம் செய்துவிட்டு வருகிற தமிழ்க் குடும்பங்கள் உண்டு.

என் சித்தி மகன் அப்படித்தான் போனான். பேங்க் கொடுத்த ஃப்ளாட், ஐந்தாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் கீழே சௌபாத்தி கடற்கரை, அதை ஒட்டி அரை வட்டமாக மரைன் டிரைவ். ராத்திரி தெரு விளக்குகள் எரிய ஆரம்பித்ததும் 'ராணியின் நெக்லஸ்' என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது புரியும். கும்பகோணத்தில் தனியாக இருந்த சித்தியை, "இனிமே எங்களோடதாம்மா" என்று அழைத்துக்கொண்டு போய்விட்டான். சித்திக்கு அப்போது அறுபத்தெட்டு வயசு. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை.

ஒரு வருஷம் கழித்து நான் போனேன். சித்தி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள்.

"இங்க சத்தமே இல்லடி. நிம்மதியா இருக்கு" என்றாள்.

கும்பகோணத்தில் தினம் நாலு தடவை கடைத்தெருவுக்குப் போய் வருகிறவள் அவள். அந்த வீட்டை விட்டுக் கீழே இறங்கி இரண்டு மாசம் ஆகியிருந்தது!

"ஏன் சித்தி?"

"ஒரே மேடு. எனக்கும் வயசாயிடுச்சுல்ல..."

மகனும் மருமகளும் அந்தப் பதிலை ஒப்புக்கொண்டிருந்தார்கள். நானும்தான். 'மேடு, வயசு' என்று சொன்னால் அதற்கு மேல் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

அந்த மேடு ஒன்றும் பழனி மலை இல்லை. சுமார் ஐம்பது மீட்டர் உயரம்தான். ஆனால், கடலிலிருந்து சட்டென்று எழும்புகிற கருங்கல் குன்று. ஒரு பக்கம் கெம்ப்ஸ் கார்னர், சௌபாத்தி என்று ஹாரன் சத்தம் காதைப் பிளக்கும். பத்து நிமிஷம் ஏறினால் போதும்... மரங்கள், கிளிகள், அசைவில்லாத காம்பவுண்டுச் சுவர்கள். பார்சிக்காரர்களின் மௌன கோபுரங்கள் இருக்கும் டூங்கர்வாடி மட்டுமே ஐம்பது ஏக்கருக்கு மேல் மரக்காடு. அங்கே மயில்கூட உண்டு. மும்பை மாதிரி ஒரு நகரத்தின் நடுவில் இப்படி ஓர் அமைதி!

இந்த அமைதி உடம்புக்கு நல்லதுதான், சந்தேகமே வேண்டாம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. நம் ஊர் மெயின் ரோட்டில் குடியிருப்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். தூக்கத்தில் நாம் விழித்துக்கொள்ளாவிட்டாலும் லாரி சத்தத்துக்கு நம் உடம்பு விழித்துக்கொள்கிறது. இதயத்துடிப்பு கூடும், ரத்த அழுத்தம் ஏறும். வருஷக்கணக்கில் இது தொடர்ந்தால் பி.பி.யும் இதய நோயும் வர வாய்ப்பு அதிகம். அந்த வகையில் சித்தி மகன் அம்மாவுக்கு நல்லதுதான் செய்திருந்தான்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

வாட்ச்மேன் சொன்ன சேதி

மறுநாள் காலை நான் மட்டும் வாக்கிங் கிளம்பினேன். கேட்டில் வாட்ச்மேன், உத்தரப் பிரதேசத்துக்காரர், வயசானவர். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் பேச்சுக் கொடுத்தேன். "மாஜி எப்படி இருக்காங்க? இப்பல்லாம் வர்றதே இல்லையே" என்று விசாரித்தார். பிறகு அவராகவே சொன்னார்... கடைசியாக வெளியே போன அன்று மாஜி திரும்பி வரும்போது அந்த வளைவில் மூன்று இடத்தில் நின்றாராம். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாராம். தன் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு உட்கார வைத்திருக்கிறார். ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிட்டதாம்.

"வீட்ல சொல்லலையா?" என்று கேட்டேன்.

"யாரும் கேக்கலையே" என்றார்.

அன்று சித்தி போய்வந்த இடம் பாண்கங்கா. குன்றின் மறு சரிவில், கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிற தெப்பக்குளம். 1127-ல் சிலாஹார மன்னர்களின் மந்திரி ஒருவர் கட்டியதாகச் சொல்கிறார்கள். நாலு பக்கமும் படிகள், நடுவில் ஊற்றுத் தண்ணீர். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிக்காது! பக்கத்தில் வால்கேஷ்வர் கோயில். சீதையைத் தேடிப் போன ராமர் மணலில் லிங்கம் பிடித்து வைத்துப் பூஜை செய்த இடம் என்று ஸ்தல புராணம். ராமேஸ்வரம் கதை தெரிந்த சித்திக்கு இது போதாதா? பிரதோஷம் தவறாமல் போய்க்கொண்டிருந்தாள். போகும்போது இறக்கம். வரும்போதுதான் ஏற்றம்!

நிதானமாக உட்கார வைத்துக் கேட்டபோது சித்தி ஒவ்வொன்றாகச் சொன்னாள். மேடு ஏறும்போது நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி ஒரு பாரம். தாடை வரை இழுக்கும். நின்றால் போய்விடும். "வாயுன்னு நெனச்சு ஓமத்தண்ணி குடிச்சேன். அப்புறம் நடக்காம இருந்தேன். சரியாப் போச்சு" என்றாள்.

எப்படிச் சரியாகப் போகும்? மேடு ஏறும்போது இதயத்துக்கு அதிக ரத்தம் தேவை. இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்கியிருந்தால் அந்த அதிகப்படி ரத்தம் போய்ச் சேராது; நெஞ்சு இறுகும். நின்றால் தேவை குறையும், இறுக்கமும் விடும். இதற்குப் பெயர்தான் ஆஞ்சைனா. ஏறினால் வரும், நின்றால் போகும்... இதுதான் அதன் குணம். சாப்பிட்டவுடன் ஏறினாலும் குளிர்காற்றில் ஏறினாலும் சீக்கிரம் வரும். ஏறுவதையே நிறுத்திவிட்டால்? வராது! குழாயில் அடைப்பு அப்படியேதான் இருக்கும். அதைக் காட்டிக்கொடுத்த மேட்டைத்தான் நாம் ஒதுக்கிவிட்டோம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் மோசம். நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதால் நெஞ்சு வலியே தெரியாமல் போகலாம். பெண்களுக்கும் பல சமயம் வலி முன்னால் நிற்காது. மூச்சு வாங்கும், வியர்க்கும், சோர்வாக இருக்கும், முதுகோ தாடையோ வலிக்கும். 'எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கலை' என்று அவர்களே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

"போன மாசம்தானே ஈ.ஸி.ஜி. எடுத்தோம்? நார்மல்னு சொன்னாங்களே" என்றான் தம்பி. ஏறினால் மட்டும் வருகிற நெஞ்சிறுக்கம், படுத்திருக்கும்போது எடுக்கிற ஈ.ஸி.ஜி.யில் தெரியாமலே போகலாம். உழைக்கும்போது இதயம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் டிரெட்மில் சோதனை. சித்திக்கு முழங்கால் வலியும் இருந்ததால் டிரெட்மில்லில் ஏற்றாமல், ஊசி மருந்தால் இதயத்தை வேகப்படுத்தி எக்கோ பார்த்தார்கள். பிறகு ஆஞ்சியோகிராம். இரண்டு அடைப்புகள். ஒன்றுக்கு ஸ்டென்ட், மற்றதுக்கு மாத்திரை.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். நின்ற பிறகும் சில நிமிஷங்களில் விடாத நெஞ்சிறுக்கம், சும்மா இருக்கும்போதே வருகிற வலி, கூடவே வியர்வை, மயக்கம்... இவை வந்தால் 'காலையில் பார்க்கலாம்' என்று படுக்கக் கூடாது. தானாக நடந்தோ காரை ஓட்டிக்கொண்டோ மலையிறங்கவும் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரி.

ஏற்றம் ஒரு விதம், இறக்கம் ஒரு விதம்

இதயம் சரியாக இருப்பவர்களுக்கு அந்தச் சரிவு ஓசியில் கிடைத்த ஜிம்! ஆஸ்திரியாவில் ஆல்ப்ஸ் மலையில் ஒரு வேடிக்கையான ஆராய்ச்சி செய்து 2004-ல் வெளியிட்டார்கள். நல்ல ஆரோக்கியம் இருந்தும் உடற்பயிற்சி இல்லாதவர்களை இரண்டு மாசம் மலை ஏற மட்டும் வைத்தார்கள். இறங்குவதற்குக் கேபிள் கார். அடுத்த இரண்டு மாசம் நேர்மாறு. ஏறினபோது ரத்தத்தில் ட்ரைகிளிஸரைடு கொழுப்பு குறைந்தது. இறங்கினபோது சர்க்கரையை உடம்பு கையாளும் திறன் கூடியது. கெட்ட கொலஸ்ட்ரால் இரண்டிலுமே குறைந்தது. 'இறங்குவதில் என்ன பெரிய உழைப்பு?' என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்.

ஆனால் முழங்காலுக்கு இறக்கம்தான் எதிரி. இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை பிரேக் மாதிரி வேலை செய்கிறது. முழங்கால் சிப்பியின் மேல் அழுத்தம் அதிகம். புதிதாக மலைப் பகுதிக்குக் குடிபோனவர்களுக்கு முதல் நாளைவிட இரண்டாம் நாள் தொடை வலிப்பதும் இதனால்தான். அது பயப்பட வேண்டிய வலி இல்லை, பழகிவிடும். மூட்டே வீங்கினால், மடங்காமல் சிக்கிக்கொண்டால் டாக்டரிடம் போக வேண்டும். இறங்கும்போது அடிகள் சின்னதாக இருக்கட்டும். நேராக இறங்காமல் கொஞ்சம் கோணலாக இறங்கலாம். செருப்பு வேண்டவே வேண்டாம். நாடா கட்டுகிற ஷூ. கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நிறையப் பேர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள், சினிமாவிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள்!

ஏறும்போது எவ்வளவு வேகம்? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

மழைக்காலத்தில் மட்டும் அந்தக் குன்றை நம்பக் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை படிகளில் பாசி வழுக்கும். 2020 ஆகஸ்டில் பெய்த பேய்மழையில் குன்றின் ஒரு சரிவே இடிந்து, மண்ணும் மரமுமாகக் கெம்ப்ஸ் கார்னர் பக்கம் ரோட்டில் வந்து விழுந்தது. அந்த மாசங்களில் வீட்டு வராந்தாவில் நடந்தாலே போதும்.

கதவு திறக்காத ஊர்

இதயமும் முழங்காலும் தவிர, சித்தி கீழே இறங்காததற்கு மூன்றாவது காரணம் ஒன்று இருந்தது. அதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னாள்.

"கீழ போய் யாரோட பேசறது?"

எதிர் ஃப்ளாட்காரர்களின் முகத்தை ஒரு வருஷத்தில் அவள் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள். காய்கறி போனில் சொன்னால் வீட்டுக்கே வந்துவிடும். கீரைக்காரி கிடையாது, பேரம் கிடையாது. வேலைக்கு வருகிற பெண் மராத்தி. தமிழ்க் குரல் காதில் விழ மாட்டுங்காவுக்குத்தான் போகணும், டாக்ஸியில் டிராஃபிக்கைக் கடந்து. மகன் ராத்திரி எட்டரைக்கு வருவான். அதுவரை டி.வி. சீரியல். அவள் என்னிடம் புகழ்ந்த நிசப்தம் இதுதான்!

தனிமையை இப்போது டாக்டர்களும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் குழு 2025-ல் வெளியிட்ட அறிக்கையில் உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுவதாகவும், வருஷத்துக்கு 8,71,000 மரணங்களுக்கும் தனிமைக்கும் தொடர்பு இருப்பதாகவும் சொல்கிறது. இதய நோய், பக்கவாதம், சர்க்கரை, மறதி என்று எல்லாவற்றுக்கும் அது ஒரு கை கொடுக்கிறது. மகன்களைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல காற்று, லிஃப்ட், ஏ.சி. எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். ஆனால் அம்மாவை ஓரிடத்தில் கொண்டுவந்து குடிவைக்கும்போது, 'இங்கிருந்து அம்மா தானாகவே நடந்து எங்கே போக முடியும்? அங்கே யார் இருப்பார்கள்?' என்று ஃப்ளாட்டைப் பார்க்கும்போதே யோசிப்பவர்கள் குறைவு.

ஸ்டென்ட் வைத்து ஆறு வாரம் கழித்து டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். எங்கே நடப்பது? மருமகள்தான் வழி கண்டுபிடித்தாள். மலை உச்சியில் தொங்கும் தோட்டம் இருக்கிறது. 1881-ல் போட்டது. செடிகளை யானை, ஒட்டகம் என்று வெட்டி வைத்திருப்பார்களே, அதேதான். அதன் கீழே தென் மும்பைக்குத் தண்ணீர் கொடுக்கிற பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. நீர்த்தேக்கத்தின் மூடியின் மேல்தான் தோட்டமே! அதனால் மேலே பெரும்பாலும் சமதரை. வீட்டு வாசலில் டாக்ஸி ஏறி, தோட்டத்து வாசலில் இறங்கி, சாயங்காலம் மூன்று சுற்று. எதிரிலேயே கமலா நேரு பூங்கா, பெரிய பூட்ஸ் வீட்டில் குழந்தைகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காரலாம்.

அந்தப் பூங்காவுக்குப் பின்னால் சரிவில், மரங்களுக்கு நடுவே உயரத்தில் ஒரு மர நடைபாதை போட்டிருக்கிறார்கள். அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 2025 மார்ச் 30-ம் தேதி, குடிபாட்வா அன்று திறந்தார்கள். ஏறி இறங்காமலே காட்டுக்குள் போய்வந்த மாதிரி இருக்கும். சித்திக்கு அதில் ஒரு தடவை போகணும் என்று ஆசை. 'கூட்டம் இல்லாத நாளா பாத்துக் கூட்டிட்டுப் போறேன்' என்று தம்பி சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

தோட்டத்துப் பெஞ்சில் ஒரு குஜராத்தி அம்மாள் சிநேகமாகிவிட்டாராம். அவருக்குத் தமிழ் தெரியாது, சித்திக்கு குஜராத்தி தெரியாது. அதனால் என்ன, மாத்திரை டப்பாக்களைக் காட்டிக் காட்டியே முதல் வாரம் பேசி முடித்துவிட்டார்கள்! இப்போது சித்தி தோக்ளா செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அந்த அம்மாளுக்கு ரசம்.

போன வாரம் போன் செய்தேன். எடுத்தவுடனே சொன்னாள்:

"இன்னிக்கு நாலு சுத்துடி. அவ மூணோட உக்காந்துட்டா!"