சவுக்குச் சாரத்திலிருந்து டவர் கிரேனுக்கு

காற்று நல்லது என்பதற்காகவே ஒரு காலத்தில் தாம்பரத்துக்கு வந்தார்கள். 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக இங்கே மருத்துவமனை தொடங்கினார். ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்ற பெயர் நின்றுவிட்டது. 1931இல் சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து மின்சார ரயில் வந்தது. 1937இல் கிறிஸ்தவக் கல்லூரி சேலையூர் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. பல்லாவரம், திரிசூலம் மலைகளையும் பனைமரங்களையும் விட்டால் உயரமாக எதுவும் இல்லை.

வீடுகளும் தரையோடு தரையாகத்தான் இருந்தன. அரை கிரவுண்டில் கீழ்த்தளம் மட்டும் கட்டி, மகனுக்குக் கல்யாணமானால் மாடி எழுப்பலாம் என்று தூண் கம்பிகளை மொட்டை மாடியில் நீட்டி விட்டிருப்பார்கள். சவுக்குக் கட்டையில் சாரம் கட்டுவார்கள். தளம் போடும் நாளில் தெருவே கூடிவிடும். மிக்சர் மெஷின் உறும, சித்தாள்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றி மேலே ஏற்றுவார்கள். அன்று எல்லோருக்கும் சாப்பாடு வீட்டுக்காரர் செலவு.

இன்று பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையிலும் வேளச்சேரி சாலையிலும் நிமிர்ந்து பார்த்தால் டவர் கிரேன்கள். கட்டடம் உயர உயர கிரேனும் நடுவே புதுத் துண்டுகளைச் செருகிக்கொண்டு தானாக வளர்கிறது. நீண்ட கைக்கு எதிர்ப்பக்கம் கான்கிரீட் பாளங்கள் சமநிலை காக்கின்றன. கலவை ரெடிமிக்ஸ் லாரியில் வருகிறது. தகரக் கொட்டகைகளில் தங்கி வேலை செய்பவர்களில் பீகார், ஒடிசாக்காரர்கள் ஏராளம். தளம் போடும் நாள் எதிர்வீட்டுக்குக்கூடத் தெரிவதில்லை.

நிலத்தின் விலை ஏறியது ஒரு காரணம். விதி மாறியது இன்னொன்று. 2019இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடத்துக்கு மனைப் பரப்பைப் போல் 2 மடங்கு தளப்பரப்பை அனுமதித்தன. 18.30 மீட்டருக்கு மேற்பட்ட உயர்மாடிக்கு, சாலை அகலமாக இருந்தால், 3.25 மடங்கு. ஊரும் வளர்ந்தது: 2021இல் தாம்பரம் மாநகராட்சியானது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. ஆனாலும் இந்த வானம் முழுக்க பில்டர்கள் கையில் இல்லை. ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம், மறு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம். எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கு அவர்களின் தடையில்லாச் சான்று வேண்டும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியும் இடிதாங்கியும்கூட அந்தக் கணக்கில் சேர்த்தி.

மேலே போவதற்கு இத்தனை கணக்கு இருக்கும் ஊரில், கீழே ஓடும் தண்ணீருக்கு அந்தக் கவனம் இல்லை. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று ஓர் ஏரி நிறைந்து அடுத்த ஏரிக்கு வழிந்து, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேரும் ஊர் இது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட வேண்டியிருந்தது. பாதாளச் சாக்கடை இன்னும் எட்டாத தெருக்கள் உண்டு. அங்கே கழிவுநீர் லாரிதான் கதி. கட்டுமானத் தரத்துக்கும் பாடம் தூரத்தில் இல்லை: 2014 ஜூன் 28 அன்று போரூர் அருகே மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள்.

அன்று வீடு கட்டுபவரே மேஸ்திரியின் பக்கத்தில் நின்று சிமென்ட் மூட்டையை எண்ணினார். இன்று வாங்குபவர் சாவி வாங்கும் நாளில்தான் உள்ளே போகிறார். அதனால் கேள்விகளை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதியையும் சரிபாருங்கள். கழிவுநீர் எங்கே போகும், மழைநீர் எந்த ஏரிக்கு வடியும் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வராவிட்டால், அந்த வீடு எத்தனையாவது மாடியில் இருந்தாலும் வேண்டாம்.