ரியாலில் வாங்கிய கடனும் ரூபாவில் வரும் சண்டையும்

"டொலர் இறங்கியிருக்காம்" என்று ஒரு செய்தி வந்தால் போதும், நம் வீடுகளில் ஒத்திவைத்த பட்டியல்கள் வெளியே வந்துவிடும். பெருநாளைக்கு அபாயா, மகளின் கல்யாணத்துக்கு உடுப்பு, சின்னவனுக்குச் சப்பாத்து. ஜித்தாவிலோ துபாயிலோ இருக்கும் உறவினருக்கு உடனே தகவல் போகும்: "நானா, இப்ப வாங்கினா லாபம்தானே?"

லாபம் யாருக்கு என்பதைத்தான் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

சவூதி ரியால் 1986 முதல் ஒரு டொலருக்கு 3.75 என்றும், அமீரகத் திர்ஹம் 1997 முதல் 3.6725 என்றும் நிலைநிறுத்தப்பட்டுள்ளன. ஆகவே நமக்கு ரியால் ஏறுவதும் இறங்குவதும் அங்கே நடக்கும் மாற்றமல்ல. நமது ரூபா டொலருக்கு எதிரே அசைவதுதான். டொலர் ஒரு ரூபா கூடினால் ரியால் ஏறக்குறைய 27 சதம் கூடும். 2022 மார்ச் ஆரம்பம் வரை டொலர் 203 ரூபாவில் கட்டிவைக்கப்பட்டிருந்தது. மே மாதத்தில் அது 360 ரூபாவைத் தொட்டது. 54 ரூபாவாக இருந்த ரியால் இரண்டே மாதத்தில் 96 ரூபாவாயிற்று. பின்னர் மெல்ல இறங்கி, 2024 இன் இறுதியில் 78 ரூபா அளவில் நின்றது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இங்கே ரூபாவில் உழைக்கும் ஆசிரியைக்கு 150 ரியால் அபாயா ஒரு காலத்தில் 8,100 ரூபா, இன்னொரு காலத்தில் 14,400 ரூபா. அவருக்கு நாணய மாற்று விகிதம் பெரிய விஷயந்தான். ஆனால் கணவரோ சகோதரரோ வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் பணத்தில் வாழும் வீட்டுக்கு அந்த அபாயாவின் விலை மாறவே இல்லை. டொலர் எங்கே நின்றாலும் அது அவருடைய சம்பளத்தில் 150 ரியால்தான். டொலர் இறங்கினால் அவர் அனுப்பும் பணமும் இங்கே குறைந்தல்லவா வரும்? அப்படிப்பட்ட வீட்டில் "இப்போது மலிவு" என்று வாங்குவது வெறும் மனத்திருப்திதான்.

தபாலில் அல்லது கூரியரில் நேரடியாகத் தருவிப்போர் இன்னும் சிலவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். செய்தியில் சொல்லப்படும் விகிதத்தில் வங்கி நம் அட்டையிலிருந்து கழிப்பதில்லை. தன் பங்கைச் சேர்த்துத்தான் கழிக்கும். பணம் செலுத்தும்போது "ரூபாவிலா, அந்நாட்டு நாணயத்திலா" என்று கேட்டால் அந்நாட்டு நாணயத்தையே தெரிவு செய்யுங்கள். ரூபா என்றால் விற்பவர் தரப்பு தன் விருப்பப்படி மாற்றும். பெரும்பாலும் அது நமக்கு நட்டம். சுங்கத் தீர்வையும் பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் கூலியையும் காப்புறுதியையும் சேர்த்தே கணக்கிடப்படும். 2022 இன் தொடக்கத்தில் 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதமாயிற்று. டொலரில் மிச்சம் பிடித்ததை இவை விழுங்கிவிடக்கூடும்.

இவையெல்லாம் பணநட்டம். உறவையே நட்டமாக்கும் விஷயம் வேறு.

ரியாத்தில் இருக்கும் ராத்தா 200 ரியாலுக்குச் சாமான் வாங்கி அனுப்புகிறார். "காச பிறகு தாறன்" என்கிறார் தங்கை. வாங்கிய அன்று அது 10,800 ரூபா. மூன்று மாதம் கழித்துக் கொடுக்கப் போகும்போது 19,200 ரூபா. தங்கை பழைய கணக்கைப் பேசுகிறார். ராத்தா புதிய கணக்கைப் பேசுகிறார். 2022 இல் இத்தகைய மனக்கசப்பு எத்தனையோ குடும்பங்களில் நுழைந்தது.

மார்க்கம் இதில் தெளிவாக இருக்கிறது. ராத்தா தன் ரியாலைக் கொடுத்திருந்தால் கடன் 200 ரியால்தான். ரியாலாகவே கொடுக்கலாம். ரூபாவில் கொடுப்பதானால் கொடுக்கும் நாளின் விகிதப்படி கொடுக்க வேண்டும். தீனாருக்கு ஒட்டகம் விற்று அதற்குப் பதில் திர்ஹம் பெறுவது பற்றி இப்னு உமர் (ரலி) கேட்டபோது, அன்றைய விலைப்படி, பாக்கி வைக்காமல் முடித்துக்கொண்டால் குற்றமில்லை என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த அறிவிப்பு அபூதாவூத் முதலிய கிரந்தங்களில் உள்ளது. சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியும் 1988 இல் குவைத்தில், கடனை வாங்கிய நாணயத்தின் அளவிலேயே தீர்க்க வேண்டும் என்று முடிவு செய்தது. வேறு நாணயத்தில் தீர்க்கும் உடன்பாடு கடன் தீர்க்கும் நாளிலேயே செய்யப்பட வேண்டும், முற்கூட்டி அல்ல என்பது 1993 இல் புரூணையில் எடுக்கப்பட்ட தீர்மானம்.

எனவே "எப்போது தந்தாலும் 54 ரூபாப்படி தாறன்" என்று முதலிலேயே பேசிக்கொள்வது சரியல்ல. அதேபோல் ரூபாவில் கடன் கொடுத்தவர், ரூபா விழுந்துவிட்டது என்று கூடுதலாகக் கேட்கவும் முடியாது. ராத்தா மனமுவந்து ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கலாம். தங்கை நிபந்தனையின்றி விரும்பிக் கூட்டியும் கொடுக்கலாம். கடனை எழுதிவைக்கும்படி அல்குர்ஆன் சூரத்துல் பகராவில் கூறுகிறது. எழுதும்போது ரூபாக் கணக்கை எழுதாமல் "200 ரியால்" என்றே எழுதுங்கள். சொந்தச் சகோதரிகளுக்கிடையில் எழுத்தா என்று வெட்கப்படுவோர், பின்னர் பெருநாளைக்குக் கூடப் பேசாமல் இருப்பதற்கு வெட்கப்படுவதில்லை!

ஊர்களில் படத்தைக் காட்டி ஓடர் எடுத்து, துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் உடுப்பு வருவித்துக் கொடுக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தே செய்யும் நல்ல வருமானம். இலாபம் எவ்வளவு வைத்தாலும் அது அவரவர் வியாபாரம். ஆனால் "வாங்கின விலைக்கே தாறன்" என்று சொல்லிவிட்டு, ரியாலை மட்டும் பத்து ரூபா கூட்டிக் கணக்கிடுவது பொய். இத்தனை ரூபா விலை என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் கேள்வியில்லை.

தங்கத்தில் இன்னும் கவனம் தேவை. பணமும் தங்கமும் அதே அமர்வில் கைமாற வேண்டும் என்பதால், தொலைபேசியில் விலை பேசி, பாதியைக் கொடுத்து மீதியை அடுத்த மாதம் அனுப்பும் ஏற்பாடு செல்லாது. அங்கே இருக்கும் நானாவை வக்கீலாக நியமித்து, அவர் கடையில் முழுப் பணத்தையும் கொடுத்து நகையைக் கையில் வாங்கிக்கொண்டால் கூடும். அந்தப் பணம் அவருடையதானால், அதுவும் ரியாலில் எழுதப்பட வேண்டிய கடனே.