ஓர் அறைக்குள் முயலும் ஹெம்ஸ்டரும்: எதை எங்கே வைப்பது?

தோட்ட வீட்டில் பிராணிகளுக்கு வாசல் இருந்தது. செமினியின் தாமான் வீடுகளிலோ பிள்ளைகளின் முயலும் ஹெம்ஸ்டரும் படுக்கையறைக்கே வந்துவிடுகின்றன. அறையை ஒழுங்குபடுத்தும்போது முதலில் பார்க்க வேண்டியது வெப்பம்.

முயலால் நம்மைப்போல் வியர்த்துச் சூடு தணிக்க முடியாது. காதுகள் வழியாகவே பெரும்பாலும் வெப்பத்தை வெளியேற்றும். 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் உயிருக்கே ஆபத்து வரலாம். எனவே மாலை வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம். காற்றோட்டமுள்ள உள்சுவர் பக்கம் கூண்டை வையுங்கள்.

சிரியன் ஹெம்ஸ்டர் தனித்து வாழும் பிராணி. இரண்டை ஒரே கூண்டில் விட்டால் கடித்துக்கொள்ளும். இரவில் சக்கரம் ஓட்டும் என்பதால் தலைமாட்டில் வைக்காதீர்கள். பூனையும் இருந்தால், இரவில் அதற்கு வேறு அறை.

சிறுநீரில் நனைந்த மரத்தூளிலிருந்து அமோனியா வாடை எழும். அது பிராணிக்கும் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும் கெடுதல். ஈரமானதைத் தினமும் அள்ளிவிடுங்கள்.

பிராணிக்குத் தகுந்த இடம் தருவது உரிமையாளரின் கடமை என்கிறது மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம். அடுத்த கூண்டை வாங்கும் முன், அறையில் அதற்கு நிழலும் காற்றும் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள்.