சாயம் வேறு, 'லேக்' வேறு!

கடையில் விற்கும் கலர்ப்பொடி எல்லாம் ஒன்றுதான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதில் இரண்டு வகை உண்டு, சகோதரிகளே! ஒன்று தண்ணீரில் கரையும் சாயம். மற்றொன்று 'லேக்'. உடனே ஏரி, குளம் என்று எண்ணிவிட வேண்டாம். நம் நாட்டு அரக்கிலிருந்து போன பெயர் அது. அரக்குப்பூச்சியின் சிவப்பைத்தான் அந்தக் காலத்துப் பெண்கள் செம்பஞ்சுக் குழம்பாகக் காலில் இட்டார்கள்.

சாயத்தை அலுமினியம் ஹைட்ராக்ஸைடு என்ற வெள்ளைப் பொடியில் பிடிக்க வைத்தால் லேக் ஆகிவிடும். பிறகு அது தண்ணீரிலும் கரையாது, எண்ணெயிலும் கரையாது. நுண்ணிய துகளாகப் பரவி நிறம் கொடுக்கும்.

எங்கள் அருமனையில் கிறிஸ்துமஸ் என்றால் ஊரே விழாக்கோலம்தான். போன வருஷம் பக்கத்து வீட்டு மைனி ஐசிங் கிண்ணத்தோடு வந்துவிட்டார். "இதென்ன பிள்ளே, எம்புட்டு அடிச்சாலும் கலர் புள்ளி புள்ளியா நிக்குதே?" நிற்காமல் என்ன செய்யும்? அவர் போட்டது சாயம். வெண்ணெயில் அது கரையாது. லேக் என்றால் ஒரே சீராகப் பரவும். கேசரிக்கும் ஜெல்லிக்கும் தண்ணீர் இருப்பதால் சாயமே போதும். எலுமிச்சை பிழிந்த பண்டத்தில் லேக் போட்டால் புளிப்பில் சாயம் பிரிந்து கசியலாம். வேடிக்கை என்னவென்றால், 'உதட்டுச் சாயம்' என்கிறோமே, மெழுகில் குழைத்த அந்தச் சிவப்பு பெரும்பாலும் லேக்தான்!

லேக் என்றாலே நல்லது என்று அர்த்தமில்லை. உள்ளே எந்தச் சாயம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. உணவுக்கென்று நம் நாட்டில் அனுமதித்த செயற்கைச் சாயங்கள் எட்டே எட்டு. பெரும்பாலான பண்டங்களில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி இருப்பது தெரிந்து, முதலில் புதுச்சேரியும் பிறகு தமிழ்நாடும் தடை போட்டன. அது துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம். பிள்ளைகள் வாயில் வைப்பதற்கா?

பொட்டலத்தில் 102, 110, 122, 124, 127, 132, 133, 143 ஆகிய எண்களில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் காகிதத்தில் மடித்துத் தரும் பெயரில்லாத பொடியை நான் தொடுவதேயில்லை. வீட்டுப் பாயசத்துக்குப் பீட்ரூட் சாறு போதும். கொதியில் அதன் நிறம் மங்கும். அடுப்பை அணைத்து, சற்று ஆறியபின் ஊற்றுங்கள்.