ஸ்டீராய்டு களிம்பை நிறுத்திய பின்: உணவும் பழக்கவழக்கமும்

தைப்பூசத்திற்கு ஒரு மாதம் இருக்கும்போது என் அக்காள் மகள் முழுக்கைச் சட்டையுடன் வீட்டுக்கு வந்தாள். "மாமா, பால்குட விரதத்தைத் தொடங்கலாமா?" என்றாள். சட்டைக் கையை மடித்துக் காட்டச் சொன்னதும் துணுக்குற்றேன். தோளிலிருந்து மணிக்கட்டு வரை இரத்தச் சிவப்பு. உள்ளங்கை மட்டும் வெளுத்திருந்தது. ஆறு வருடமாகக் கரப்பானுக்குப் பூசி வந்த களிம்பை ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறாள்.

மருந்துக் கடையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைப் பற்றி அன்பர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஸ்டீராய்டு களிம்பு கெட்ட மருந்தல்ல. 1952-இல் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு வந்தபோது தோல் நோயாளிகளுக்கு அது பெரும் ஆறுதலாக அமைந்தது. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்களுக்குப் பூசினால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. குளோபெட்டசோல் போன்ற வீரியமான வகைகளை மாதக்கணக்கில், அதுவும் முகம் போன்ற மெல்லிய தோலில், கேட்பாரின்றிப் பூசுவதுதான் வினை. இரவுச் சந்தையிலும் இணையத்திலும் "மூலிகைக் களிம்பு" என்று விற்கப்படுபவற்றில் ஸ்டீராய்டு ஒளிந்திருப்பதாகச் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. தாம் பூசுவது ஸ்டீராய்டு என்பதே அறியாதவர்களும் நம்மிடையே உண்டு.

இக்களிம்பு தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழற்சியை அடக்குகிறது. நெடுநாள் பூசி நிறுத்தியதும் குழாய்கள் விரிந்துவிடுகின்றன. எரிச்சல், சிவப்பு, நீர்க்கசிவு, செதில் உதிர்தல், தூக்கமின்மை எல்லாம் வரிசை கட்டுகின்றன. 1979-இலேயே கிளிக்மன், ஃபிராஷ் என்ற இரு மருத்துவர்கள் இதை எழுதினார்கள். 2021-இல் பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் எச்சரிக்கை வெளியிட்டது. குணமாக வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம். சிலருக்கு ஆண்டுக்கு மேலும் நீடிக்கும்.

இனி உணவுக்கு வருவோம். வீட்டுப் பெரியவர்கள் தவறுவதும் இங்கேதான். அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்று என் அக்காள் கத்தரிக்காய், கருவாடு, மீன், முட்டை, பால் அத்தனையையும் "கரப்பான் பண்டம்" என்று நிறுத்தியிருந்தாள். பெண்ணுக்கு இரசம் சாதம்தான் சாப்பாடு. எடை குறைந்து, கண் குழி விழுந்து போயிருந்தாள். இந்நோயைத் தீர்க்கும் பத்தியம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஒரு பண்டம் தின்றால் ஒவ்வொரு முறையும் தடிப்போ வீக்கமோ வந்தால், மருத்துவரிடம் சொல்லிச் சோதித்து அதை மட்டும் விலக்க வேண்டும்.

உண்மையில் இக்காலத்தில் உடலுக்குக் கூடுதல் உணவு தேவை. கசியும் நீரிலும் உதிரும் செதிலிலும் புரதம் வெளியேறுகிறது. சிவந்த தோல் வழியே நீரும் வெப்பமும் வீணாகின்றன. சாதாரணமாக 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 40 கிராம் புரதம் வேண்டும். தோல் உதிரும்போது இதற்கும் மேல். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். சைவ அன்பர்கள் பருப்பு, கொண்டைக்கடலை, தயிர், தௌஃபூ, தெம்பே ஆகியவற்றை வேளைதோறும் சேர்த்துக் கொள்ளலாம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீரும் மோரும் குடிக்க வேண்டும். கொதிக்கும் காப்பியும் உறைப்பும் மதுவும் முகச் சிவப்பைக் கூட்டினால் குறைத்துக் கொள்வது நல்லது.

அதனால்தான் ஒரு வேளை உணவு விரதம் வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். அழுதாள். நேர்த்திக்கடனைக் குணமான பிறகு செலுத்தலாம், இல்லையேல் அம்மா அவளுக்காகப் பால்குடம் எடுக்கலாம் என்று தேற்ற வேண்டியிருந்தது. வெடித்த தோலோடு, வெயிலிலும் வியர்வையிலும் பத்துமலையின் 272 படிகளை ஏறுவது துன்பத்தைக் கூட்டும். அலகு குத்துவதோ கிருமிக்கு வாசல் திறப்பது. விபூதி, சந்தனம், குங்குமத்தையும் புண்பட்ட இடத்தில் படாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். விபூதி ஈரத்தை உறிஞ்சும். குங்குமச் சாயம் சிலருக்கு ஒவ்வாது.

வெதுவெதுப்பான நீரில் சில நிமிடங்களே குளிக்க வேண்டும். துவட்டியதும் ஈரம் காயுமுன் வாசனையற்ற வாசலின் போன்றதைத் தடவலாம். பருத்தி உடை, வெட்டிய நகம், இரவில் மின்விசிறி. அரிப்பு இரவில்தான் உச்சத்துக்குப் போகும் என்பதால் பகலில் அரைமணி நேரம் படுப்பதைச் சோம்பல் என்று யாரும் ஏசாதீர்கள். எங்கள் வீட்டில் ஏசினோம், அதனால் சொல்கிறேன்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், சீழ், கொத்துக் கொத்தாக வலிக்கும் கொப்புளம் கண்டால் அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். வீரியமான களிம்பை உடல் முழுக்கப் பூசியவர்களுக்கு அட்ரினல் சுரப்பி மந்தமாகியிருக்கலாம். நிறுத்திய பின் தலைசுற்றல், வாந்தி, மிகுந்த சோர்வு வந்தால் அதுவும் அவசரமே. ஆகவே நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். ஸ்டீராய்டு மாத்திரையும் உட்கொள்பவர் தாமாக நிறுத்தவே கூடாது.

போகும்போது வீட்டிலுள்ள பழைய களிம்புக் குழாய்கள், பெயரில்லாத டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். என் அக்காள் மகள் கொண்டு போன பையில் நான்கு குழாய்கள் இருந்தன. மூன்றில் இருந்தது ஒரே மருந்து, வேறு வேறு பெயரில்.